விற்பது ஒருவர், வாங்குவது ஒருவர், வட்டி கட்டுவது ரசிகர்

2005 மே 12. மான்செஸ்டர் யுனைட்டெட் கால்பந்து கிளப்பின் 28.7 விழுக்காடு பங்குகளை வைத்திருந்த இரண்டு அயர்லாந்துக்காரர்கள், அவற்றை மால்கம் கிளேசர் என்ற அமெரிக்கருக்கு விற்றார்கள். ஏற்கெனவே கைவசம் இருந்ததோடு இதுவும் சேர, கிளேசரின் பங்கு பாதியைத் தாண்டியது. 127 ஆண்டு வயதான கிளப் அன்று கைமாறியது. செய்தி பரவியதும் ஓல்டு டிராஃபர்டு மைதானத்தின் வாசலில் ரசிகர்கள் கூடிக் கோஷம் போட்டார்கள். அதனால் வியாபாரம் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகவில்லை.

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கிளேசர் கெட்டவர், ரசிகர்கள் பாவம் என்ற அளவில் தெரிந்த கதை. ஆனால் இதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன்பு, இதே கிளப்பை இதைவிடப் பெரிய ஒரு கை வாங்க வந்தபோது இதே ரசிகர்கள் அதைத் தடுத்துக் காட்டினார்கள். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை? கோபம் குறைந்துவிட்டதா? இல்லை, கூடித்தான் இருந்தது. இடையில் மாறியது ஒரு சட்டம். ஓர் அணி விற்கப்படும்போது ரசிகரின் குரல் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கிளப் யாருடையது?

1878இல் மான்செஸ்டரின் நியூட்டன் ஹீத் பகுதியில் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி இது. பச்சையும் பொன்னிறமும் பாதிப் பாதியாக இருந்த சட்டை அவர்களுடையது. 1902இல் கடன் கழுத்தை நெரித்தபோது ஜான் ஹென்றி டேவிஸ் என்ற மது ஆலை முதலாளி பணம் போட்டுக் காப்பாற்றினார். அணிக்கு ‘மான்செஸ்டர் யுனைட்டெட்’ என்ற பெயரும் சிவப்புச் சட்டையும் அப்போது வந்தவை. ஆக, ‘பணக்காரர் வந்து கெடுத்துவிட்டார்’ என்று பொதுவாகப் பேசுவதில் பொருளில்லை. பணக்காரர் இல்லாமல் இந்த அணியே இருந்திருக்காது.

இங்கிலாந்தின் தொழில்முறைக் கிளப்புகளில் பெரும்பாலானவை நூறாண்டுக்கு மேலாகவே சட்டப்படி கம்பெனிகள்தான். ஆனால் அவை சாதாரணக் கம்பெனிகளாக நடந்துகொள்ள முடியாது என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒரு வேலி போட்டிருந்தது. 34ஆம் விதி என்பார்கள். பங்குதாரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் ஈவுத்தொகை கொடுக்கக் கூடாது. இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது. கிளப்பை மூடினால் சொத்தை விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. கிளப்பை வைத்திருப்பது ஊரில் கௌரவம், அவ்வளவுதான். அதில் காசு பார்க்க வழியில்லை. காசு பார்க்க வழியில்லாத சொத்தை வாங்கக் கடல் கடந்து யாரும் வரமாட்டார்கள்.

1983இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் இந்த வேலிக்கு அடியில் ஒரு பொந்து கண்டுபிடித்தது. கிளப்புக்கு மேலே இன்னொரு கம்பெனியை உருவாக்கி, கிளப்பை அதன் கீழ்க் கொண்டுவந்து, மேலே இருக்கும் கம்பெனியின் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் விற்றார்கள். விதி கிளப்புக்குத்தானே, கம்பெனிக்கு இல்லையே! சங்கம் பேசாமல் இருந்துவிட்டது. அந்த மௌனத்தின் விலையை இங்கிலாந்துக் கால்பந்து இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

1991இல் யுனைட்டெட்டும் பங்குச் சந்தைக்குப் போனது. ரசிகர்கள் பலர் தங்களால் முடிந்த அளவு பங்கு வாங்கினார்கள். லாபத்துக்காக அல்ல, சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டலாம் என்பதற்காக. பங்குச் சந்தையின் மறுபக்கத்தை அப்போது அதிகம் பேர் யோசிக்கவில்லை. நீங்கள் வாங்கலாம் என்றால் யாரும் வாங்கலாம். முப்பது விழுக்காட்டைத் தொட்டால் மற்ற எல்லாப் பங்குதாரர்களுக்கும் விலை சொல்லியாக வேண்டும். எழுபத்தைந்தைத் தொட்டால் கம்பெனியின் அடிப்படை விதிகளையே மாற்றலாம், சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். விலை சொன்னவர் தொண்ணூறு விழுக்காட்டைச் சேர்த்துவிட்டால், விற்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களிடமிருந்தும் சட்டப்படி வாங்கிக்கொள்ளலாம். சுவரில் மாட்டிய சான்றிதழ் அப்புறம் வெறும் அலங்காரக் காகிதம்.

1998: ரசிகர்கள் ஜெயித்த சுற்று

1998 செப்டம்பரில் ரூப்பர்ட் மர்டாக்கின் பிடியில் இருந்த பிஸ்கைபி (சுருக்கமாக ஸ்கை) தொலைக்காட்சி நிறுவனம் யுனைட்டெட்டை 62.3 கோடி பவுண்டுக்கு வாங்க முன்வந்தது. கிளப் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பிரீமியர் லீக் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை வைத்திருந்ததும் இதே ஸ்கைதான்.

எதிர்த்தவை இரண்டு ரசிகர் அமைப்புகள். ஒன்று 1995இல் தொடங்கிய சுயேச்சை ரசிகர் சங்கம். இன்னொன்று பங்கு வைத்திருந்த ரசிகர்கள் மர்டாக்குக்கு எதிராகச் சேர்ந்த கூட்டமைப்பு. அவர்கள் தெருவில் இறங்கினார்கள், அது எல்லோரும் செய்வது. கூடவே வக்கீல்கள், பொருளாதாரப் பேராசிரியர்கள் என்று தங்களுக்குள்ளேயே இருந்த ஆட்களைத் திரட்டி மனு எழுதினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தார்கள். அரசு இந்த விற்பனையை ஏகபோக மற்றும் இணைப்புகள் ஆணையத்தின் விசாரணைக்கு அனுப்பியது.

அன்றைய சட்டம் அந்த ஆணையத்திடம் ஒரு விரிந்த கேள்வியைக் கேட்கச் சொன்னது: இந்த விற்பனை பொதுநலனுக்கு எதிரானதா? பொதுநலன் என்ற சொல்லுக்குள் கால்பந்தையும் நுழைக்க முடிந்தது. ஒளிபரப்பு உரிமையை ஏலம் விடும் மேசையின் இரண்டு பக்கமும் ஸ்கையே உட்கார்ந்திருக்கும் என்பது முதல் வாதம். பெரிய கிளப்புக்கும் சின்ன கிளப்புக்கும் உள்ள இடைவெளி பெருகி ஆட்டத்தின் தரமே கெடும் என்பது அடுத்தது. ஆணையம் இரண்டையும் ஏற்றது. 1999 ஏப்ரலில் அமைச்சர் ஸ்டீஃபன் பையர்ஸ் விற்பனையைத் தடை செய்தார். அடுத்த மாதமே அலெக்ஸ் ஃபெர்குசனின் அணி லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. யுனைட்டெட் ரசிகர்களுக்கு அப்படியொரு வசந்தம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

பிறகு 2002இல் பிரிட்டன் தன் வணிகப் போட்டிச் சட்டங்களைத் திருத்தியது. இணைப்புகளை ஆராயும்போது இனிப் போட்டி குறைகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். பொதுநலக் கேள்வி தேசப் பாதுகாப்பு, ஊடகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும். கால்பந்தை நினைத்து யாரும் செய்த திருத்தம் அல்ல இது. ஆனால் ரசிகர்கள் உள்ளே வந்த கதவு அதோடு சாத்தப்பட்டது. ஃபுளோரிடாவில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி வைத்திருக்கும் ஒருவர் மான்செஸ்டரில் ஓர் அணியை வாங்கினால் எந்தச் சந்தையில் எந்தப் போட்டி குறையப்போகிறது? ஒன்றும் இல்லை. கிளேசர் 2003 மார்ச்சில் யுனைட்டெட் பங்குகளை வாங்கத் தொடங்கினார்.

நடுவில் ஒரு குதிரை

அந்த இரண்டு அயர்லாந்துக்காரர்களின் பெயர் ஜான் மேக்னியர், ஜே.பி. மெக்மேனஸ். இருவரும் பந்தயக் குதிரை உலகின் பெரும்புள்ளிகள், ஃபெர்குசனின் நண்பர்கள். மேக்னியர் தரப்பின் ‘ராக் ஆஃப் ஜிப்ரால்டர்’ என்ற குதிரை ஃபெர்குசனின் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஓடியது. முதல் தரப் பந்தயங்களில் தொடர்ந்து ஏழு வெற்றி. பந்தயக் குதிரைக்கு உண்மையான வருமானம் ஓய்வுக்குப் பிறகுதான்: நல்ல வம்சக் குட்டிக்காகப் பெட்டைக் குதிரைகளைக் கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டுவார்கள். அந்தக் கட்டணத்தில் எனக்கும் பாதி உண்டு என்றார் ஃபெர்குசன். பரிசுப் பணத்தில் மட்டும்தான் பங்கு என்றார் மேக்னியர். 2003 நவம்பரில் வழக்கு வந்தது. 2004 மார்ச்சில் சமரசமானது. நட்பு போனது.

கிளப்பின் மிகப் பெரிய பங்குதாரர்களுக்கும் அதன் பயிற்சியாளருக்கும் இடையே நடந்த தகராறு. அதன்பின் அவர்களுக்கு அந்தப் பங்கு ஒரு முதலீடு, நல்ல விலை வந்தால் தள்ளிவிட வேண்டிய முதலீடு. கிளேசர் பங்குக்கு 3 பவுண்டு கொடுத்தார். குதிரைச் சண்டை இல்லாவிட்டால் அவர்கள் விற்றிருக்க மாட்டார்கள் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் லட்சக்கணக்கான ரசிகர்களின் அணி யார் கைக்குப் போவது என்ற முடிவு, அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரின் மனநிலையைப் பொறுத்து நின்றது என்பது மட்டும் நிச்சயம்.

ரசிகப் பங்குதாரர்களின் அமைப்பு சும்மா இருக்கவில்லை. கிளேசரை எழுபத்தைந்து விழுக்காட்டைத் தொடவிடாமல் செய்ய, எதிர்த்தரப்பு இருபத்தைந்துக்கு மேல் வைத்திருந்தால் போதும். பங்கு வாங்குங்கள், விற்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். மே 12க்குப் பிறகு சில நாளிலேயே கிளேசர் எழுபத்தைந்தைக் கடந்தார். ஜூனில் கிளப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மிச்சம் இருந்தவர்களின் பங்குகளும் கட்டாயமாக வாங்கப்பட்டன. ஜூன் இறுதியில் கிளேசரின் மகன்கள் முதன்முறையாக மைதானத்தைப் பார்க்க வந்தபோது, வெளியே திரண்ட கூட்டத்தைக் கடக்க அவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

யார் பணம்?

சாதாரண வாசகருக்குக் குழப்பமான பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கிளப்பின் மொத்த விலை சுமார் 79 கோடி பவுண்டு. அதில் பாதிக்கும் மேல் கிளேசரின் பணம் இல்லை, கடன். சுமார் 26.5 கோடி பவுண்டுக்கு ஈடாக வைக்கப்பட்டவை கிளப்பின் சொத்துகள். இன்னும் 27.5 கோடி பவுண்டை ஹெட்ஜ் ஃபண்டுகள் எனப்படும் முதலீட்டு நிதிகளிடம் மிக அதிக வட்டிக்கு வாங்கினார்கள்.

வீட்டுக் கடனில் வாங்கும் வீட்டையே அடமானம் வைக்கிறோமே, அதுபோலத்தானே என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவது உங்கள் சம்பளத்திலிருந்து. இங்கே வீடே தன் கடனைக் கட்டுகிறது: உள்ளே காலம்காலமாகக் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்து. டிக்கெட் விலை, சட்டை விற்பனை, ஒளிபரப்பு வருமானம், விளம்பர ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து, தன்னை வாங்கியவர் பட்ட கடனுக்குக் கிளப் வட்டி கட்டியது. அதற்கு முந்தைய நாள்வரை அந்தக் கிளப்புக்குக் கடனே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹெட்ஜ் ஃபண்டு கடன் இன்னும் விசித்திரமானது. அதற்கு வட்டியை மாதா மாதம் கட்ட வேண்டியதில்லை. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் கூட்டு வட்டி, குட்டி போடும் வட்டி என்று பயந்து பேசுவார்களே, அதுதான், கோடிக்கணக்கில். 2006இல் கடன்களை மாற்றியமைத்தபோது இந்தப் பகுதியை 13.8 கோடி பவுண்டாகக் குறைத்தார்கள். வட்டி 14.25 விழுக்காடு. மூன்றே ஆண்டில் அது 20.2 கோடியாகிவிட்டது. 2010இல் வட்டி 16.25 விழுக்காட்டுக்கு ஏறியது. அந்த விகிதத்தில் ஒரு கடன் இரட்டிப்பாக ஐந்து ஆண்டுகூட ஆகாது.

2010 ஜனவரியில் கிளப் சுமார் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டபோது, முதலீட்டாளர்களுக்கான ஆவணத்தில் கணக்கு எல்லாம் வெளியே வந்தது. மொத்தக் கடன் 70 கோடியைத் தாண்டியிருந்தது. கிறிஸ்டியானோ ரொனால்டோவை ரியல் மாட்ரிட்டுக்கு 8 கோடி பவுண்டுக்கு விற்று அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

2012இல் நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு பகுதிப் பங்குகளை விற்றார்கள். வந்த பணத்தில் பாதி கடனை அடைக்கப் போனது, மறுபாதி குடும்பத்துக்கு. விற்ற பங்குக்கு ஒரு வாக்கு, குடும்பம் வைத்துக்கொண்ட பங்குக்குப் பத்து வாக்கு. பங்கு வாங்கி உள்ளே நுழைந்து குரல் கொடுக்கலாம் என்ற 1991இன் கனவுக்கு அங்கே இடமே இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் எட்டு ஆண்டுகளில் யுனைட்டெட் ஐந்து முறை லீக்கை வென்றது, 2008இல் சாம்பியன்ஸ் லீக்கையும். விளம்பர வருமானத்தைப் பெருக்குவதில் கிளேசர் குடும்பத்தார் கெட்டிக்காரர்கள். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் ஒப்பந்தம் போட்டார்கள். அணி ஜெயித்துக்கொண்டிருந்தவரை கடனைப் பற்றிப் பேசியவர்களைப் புலம்பல் பேர்வழிகள் என்றே மற்ற ரசிகர்கள் பார்த்தார்கள். 2013இல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அதன்பின் லீக் பட்டம் ஒன்றுகூட வரவில்லை. 2024-25இல் அணி பதினைந்தாம் இடத்தில் முடித்தது. அதற்கு முந்தைய பருவத்தின் கடைசி வாரங்களில் மழை பெய்தபோது மைதானத்தின் கூரையிலிருந்து அருவியாகக் கொட்டிய தண்ணீரை உலகமே பார்த்தது. வட்டி, ஈவுத்தொகை, கட்டணங்கள் என்று கிளப்பிலிருந்து வெளியே போன தொகை நூறு கோடி பவுண்டைத் தாண்டும் என்று ஆங்கில நாளேடுகள் கணக்குப் போட்டிருக்கின்றன.

போனவர்கள், இருந்தவர்கள்

கடைக்காரர் மாறினால் அடுத்த கடைக்குப் போகலாம். அணி மாற முடியாது; யுனைட்டெட் ரசிகர் மான்செஸ்டர் சிட்டிக்கு மாறுவது அந்த ஊரில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். முதலாளிக்கும் இது தெரியும். ரசிகரின் பலவீனமே இதுதான்.

சிலர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்கள். 2005 கோடையில் எஃப்.சி. யுனைட்டெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் சரி. சட்டையில் விளம்பரம் கிடையாது. இங்கிலாந்து லீக் ஏணியின் பத்தாவது படியில், சில நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம் என்று நினைக்கும் மட்டத்தில் ஆட ஆரம்பித்தார்கள். முதல் பருவத்தில் சராசரியாக மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். சொந்த மைதானம் இல்லாததால் பக்கத்து ஊரான பரியின் கிக் லேன் மைதானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். மூன்று ஆண்டு தொடர்ந்து மேல் படிக்கு ஏறினார்கள். சீசன் டிக்கெட்டுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று ஒரு கட்டத்தில் சொல்லிப் பார்த்தார்கள், அதுவும் நடந்தது. 2015இல் மாஸ்டன் பகுதியில் சொந்த மைதானம் திறந்தார்கள், பென்ஃபிகாவை விருந்தாளியாக அழைத்து. அதற்கடுத்த ஆண்டே நிர்வாகத்தில் உட்பூசல் வெடித்துப் பலர் விலகினார்கள். ஜனநாயகம் என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

போனவர்களுக்கும் ஓல்டு டிராஃபர்டிலேயே இருந்தவர்களுக்கும் நடுவே இருந்த கசப்பு சாமானியமானது அல்ல. அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று பிரிந்த வீடுகள் உண்டு. கென் லோச் 2009இல் எடுத்த ‘லுக்கிங் ஃபார் எரிக்’ படத்தில் மதுக்கடையில் நண்பர்கள் இதைப் பற்றியே சண்டை போடும் ஒரு காட்சி வரும். விட்டுவிட்டு ஓடினீர்கள் என்பது ஒரு தரப்பு. உள்ளே உட்கார்ந்து அவன் கடனைக் கட்டுகிறீர்கள் என்பது மறுதரப்பு. இரண்டும் உண்மை என்பதால் தீர்ப்பு சொல்ல ஆளில்லை.

உள்ளே இருந்தவர்கள் 2010இல் நியூட்டன் ஹீத்தின் பச்சை, பொன்னிறத்துக்குத் திரும்பினார்கள். சிவப்புச் சட்டை வாங்கினால் காசு கிளேசருக்குப் போகும். பச்சைத் துண்டு போட்டால் போகாது. மைதானமே பச்சையானது. அந்த மார்ச்சில் ஏ.சி. மிலானுக்காக ஆட வந்த டேவிட் பெக்காம், ஆட்டம் முடிந்து வெளியேறும்போது ஒரு ரசிகர் வீசிய பச்சைத் துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதே நாட்களில் பொருளாதார அறிஞர் ஜிம் ஓ நீல் உள்ளிட்ட பணக்கார ரசிகர் சிலர் சேர்ந்து கிளப்பை வாங்கப் பார்த்தார்கள். விலை படியவில்லை. விற்கும் எண்ணமே இல்லை என்றது குடும்பம். அத்தோடு சரி.

மற்ற ஊர்களில்

கிளேசர் மாதிரிக் கடன் வாங்கிக் கிளப் வாங்கிய கதை லிவர்பூலிலும் உண்டு, முடிவுதான் வேறு. 2007இல் டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் கில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வாங்கினார்கள். 2008இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு கடனைத் திருப்பிக் கேட்டது வங்கி. 2010 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போய், அவர்கள் விருப்பத்துக்கு எதிராகவே கிளப் 30 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. ரசிகர் சங்கம் இரண்டு ஆண்டுக்கு மேலாகப் போராடியிருந்தது. வங்கிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் போயிருந்தது. ஆனாலும் முதலாளிகளை இறக்கியது வங்கியின் காலக்கெடுதான். யுனைட்டெட்டில் வட்டி தவறவில்லை, அதனால் வங்கி வரவில்லை.

பிளாக்பர்ன் ரோவர்ஸை 2010 நவம்பரில் வாங்கியவர்கள் நமக்கு அறிமுகமானவர்கள்: புனேயின் வெங்கீஸ் கோழி நிறுவனம். அடுத்த மாதமே அனுபவசாலியான பயிற்சியாளர் சாம் அல்லர்டைஸை நீக்கினார்கள். 2012 மே மாதம் அணி பிரீமியர் லீக்கை விட்டு இறங்கிய ஆட்டத்தில், கொடி போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். கால்பந்து வரலாற்றில் இவ்வளவு பொருத்தமான கண்டனம் வேறில்லை. முதலாளிகள் போகவில்லை. சொந்தப் பணத்தைப் பெரிய அளவில் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். கெட்ட முதலாளி என்றால் பணத்தை எடுப்பவர் என்ற எளிய கணக்கு இங்கே பொருந்தாது.

கார்டிஃபில் மலேசியாவின் வின்சென்ட் டான் 2012இல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். அணியின் செல்லப் பெயரோ நீலப் பறவைகள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. வருகை குறைந்து, காலி இருக்கைகள் கண்ணில் பட்ட பிறகு. விம்பிள்டனில் நடந்ததுதான் மிகக் கொடுமை. 1988இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அந்த லண்டன் அணியை 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002இல் மூவர் குழு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் எழுதி வைத்தது. சுமார் ஒரு மாதத்தில் ரசிகர்கள் விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர்களுக்குத் தேர்வு வைத்துப் புது அணி தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டில் அந்த அணி முதல் நான்கு படிகளுக்குள், ஃபுட்பால் லீக்குக்கு, ஏறி வந்தது. எஃப்.சி. யுனைட்டெட்காரர்களுக்குத் தைரியம் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

ஜெர்மனியில் இந்தக் கதைகள் அபூர்வம். 1998 முதல் அங்கே இருக்கும் விதிப்படி, கிளப்பின் வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். முதலீடு செய்யலாம், ஆட்டுவிக்க முடியாது. விதிவிலக்குகளும் ஏய்ப்புகளும் அங்கேயும் உண்டு; லைப்ஸிக் அணி வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டது பிரசித்தம். இருந்தாலும் பழக்கம் பேசும். 2023-24இல் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க முயன்றபோது, ரசிகர்கள் வாராவாரம் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

சட்டம் மறுபடி வருகிறது

எஃப்.சி. யுனைட்டெட் வாடகைக்கு ஆடிய கிக் லேனின் சொந்தக்கார அணியான பரி, 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. எழுத்துப்பிழை இல்லை, ஒரே ஒரு பவுண்டு. புது முதலாளியால் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்று காட்ட முடியவில்லை. 2019 ஆகஸ்டில், 125 ஆண்டு உறுப்பினராக இருந்த லீக்கிலிருந்து பரி வெளியேற்றப்பட்டது. 2021 ஏப்ரலில் யுனைட்டெட், லிவர்பூல் உள்ளிட்ட ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிப் போட்டிக்குப் போகப் பார்த்தன. மூன்று நாளில் அது கலைந்தது. மே 2ஆம் தேதி ரசிகர்கள் ஓல்டு டிராஃபர்டுக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது.

ஒரு சின்ன கிளப்பின் சாவும், பெரிய கிளப்புகளின் பேராசையும் சேர்ந்துதான் அரசை அசைத்தன. முன்னாள் அமைச்சர் டிரேசி கிரௌச் தலைமையில் ரசிகர்களை முன்னிறுத்திய ஓர் ஆய்வு. அதன் வழியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம். முதல் ஐந்து படிகளில் ஆடும் கிளப்புகளுக்கு இனி ஒரு சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் வேண்டும். வாங்க வருபவரின் பணம் எங்கிருந்து வருகிறது, அவர் யோக்கியமானவரா, கிளப்பை நடத்த என்ன திட்டம் என்று அந்த அமைப்பு கேட்கும். சின்னத்தையும் சட்டையின் நிறத்தையும் ரசிகர்களின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது; கார்டிஃப் இனி நடக்காது. அனுமதியில்லாமல் மைதானத்தை விற்க முடியாது. சூப்பர் லீக் போன்ற தனிப் போட்டிக்கு ஓட முடியாது.

யாருக்கு விற்பது என்பதில் ரசிகர்களுக்கு வாக்கு உண்டா? இல்லை. ஏற்கெனவே தலையில் ஏற்றிய கடன் இறங்குமா? அதுவும் இல்லை.

யுனைட்டெட்டில் அதற்குள் இன்னொரு முதலாளி வந்துவிட்டார். 2022 நவம்பரில் கிளேசர் குடும்பம் விற்கும் எண்ணத்தை வெளியிட்டது. கத்தாரின் ஷேக் ஜாசிம் முழுதாக வாங்க வந்து, 2023 அக்டோபரில் விலகினார். டிசம்பரில் பிரிட்டிஷ் வேதித் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் பங்கு 33 டாலர் விலையில் கால் பங்கை வாங்க ஒப்பந்தம் செய்தார். கால்பந்து நிர்வாகம் அவரிடம். பெரும்பான்மை வாக்கு இன்னும் கிளேசர் குடும்பத்திடம். ராட்கிளிஃப் மான்செஸ்டரை ஒட்டிய ஃபெயில்ஸ்வொர்த்தில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்து யுனைட்டெட் ரசிகர். நம் ஊர்க்காரர் வந்துவிட்டார் என்று பலரும் மூச்சு விட்டார்கள். 2024இல் 250 பேரின் வேலை போனது. மறு ஆண்டு மேலும் 200 பேர் வரை என்று அறிவிப்பு வந்தது. 2024 நவம்பரில், பருவத்தின் நடுவே, உறுப்பினர்களுக்கு மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தார்கள். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லை. ரசிகர்கள் மறுபடி வாசலில் கூடினார்கள்.

புதுச் சட்டப்படி, டிக்கெட் விலையைப் பற்றிக் கிளப்புகள் ரசிகர்களோடு கலந்து பேசியாக வேண்டும். பேசி முடித்தபின் அதே 66 பவுண்டைப் போடுவதற்குச் சட்டத்தில் தடையில்லை.